தண்ணீர்த்தொட்டி வீதி மறுபடி தொடங்கிய நாட்கள்

கோபிச்செட்டிப்பாளையத்தில் தண்ணீர்த்தொட்டி வீதி முதல்தடவையாக நின்று மறுபடி தொடங்கியது ஒரு வியாழக்கிழமை முற்பகலில். மாடியறையில் கோகிலவாணி கம்ப்யூட்டரில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்த அதே கணத்தில், கீழே சம்பூர்ணத்தக்காவின் தையல் மிஷின் பாதித் தையலில் நின்றது, எதிர்வீட்டுக் குக்கர் பாதி விசிலில் நின்றது, குழாயடியில் ஒருத்தியின் கொண்டையை இன்னொருத்தி பிடிக்கப் போன கை காற்றில் நின்றது, மின்கம்பியை விட்டு எழும்பிய காக்கை விரித்த சிறகோடு நின்றது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படியே நின்றுவிட்டு, டியூப்லைட் விட்டுவிட்டு எரிவது போல ஒரு சிலிர்ப்பு வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி, எல்லாம் மறுபடி தொடங்கின. குக்கர் மிச்ச விசிலை ஊதி முடித்தது. காக்கை பறந்துபோனது. குழாயடிப் பெண்கள் இருவர் மட்டும் எதற்காக இவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்று புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "சாப்பாடாச்சா?" என்று கேட்டுக்கொண்டு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்கள்.

அந்த மாடியறையில் கோகிலவாணியும் அவள் புருஷன் சிபிச்சக்கரவர்த்தியும் ஒரு வெப்சைட் நடத்தினார்கள். கொங்குநாட்டில் எந்த ஊரில் கல்யாணம் வைத்தாலும் மண்டபம், பந்தல், சமையல்காரர், மேளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துப் பேசி முடித்துக்கொள்ளலாம். அதுதான் அவர்கள் தொழில். இருவரும் ஈரோட்டில் ஒரே வகுப்பில் படித்து, வீட்டாரின் கோபத்தை வாங்கிக்கொண்டு கட்டிக்கொண்டவர்கள். அவள் எழுதுவாள், அவன் பேசுவான். கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் அவள் மணிக்கணக்காக வரிவரியாக எழுதிக்கொண்டிருக்க, அவன் மண்டபத்துக்காரர்களையும் சமையல்காரர்களையும் தேடிப்போய்ப் பேசிப் பேசியே சேர்த்துக்கொண்டு வருவான்.

வெப்சைட்டைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொண்டுவந்து காட்டுவது சர்வர். அது அந்த மாடியறை மூலையிலேயே ஒரு பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "சர்வர்னா ஓட்டல்ல இலை போடறவனா கண்ணு?" என்று சம்பூர்ணத்தக்கா ஒருமுறை கேட்டபோது கோகிலவாணி சிரித்துவிட்டு, "அவனேதான்க்கா. ஆனா இவன் கொஞ்சம் மந்தம். நான் உள்ள சமையலை மாத்தினா இவனுக்குத் தெரியாது, பழசையே கொண்டுபோய் வெச்சுட்டிருப்பான். நான் ஒரு வரி மாத்தற ஒவ்வொரு தடவையும் இவனை நிறுத்தி, மறுபடி எழுப்பி விடணும்" என்றாள். மாற்று, நிறுத்து, எழுப்பு, பார்; மாற்று, நிறுத்து, எழுப்பு, பார் என்று பொழுதெல்லாம் ஒரே விசைகளை அமுக்கி அமுக்கி அவள் மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. சிபி சாயங்காலங்களில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பான். அப்படி ஒத்தடம் கொடுத்த ஒரு வாரம், அவளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து, எழுதும் பழக்கமே இல்லாத அவன், அங்கே இங்கே பார்த்து ஒரு சின்ன நிரலைப் போட்டு வைத்தான். அது அவள் எழுதுகிற வரிகள், அதாவது கோடு, இருக்கிற ஃபைல்களைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். எதில் ஒரு எழுத்து மாறிச் சேமிக்கப்பட்டாலும், அதுவே சர்வரை நிறுத்தி அதுவே மறுபடி ஓடவிடும்.

"இனி நீ எழுது வாணி. எழுப்பறதை அது பாத்துக்கும்" என்றான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் தந்தவற்றில் அவளுக்கு மிகப் பிடித்தது அதுதான். அதை முதல்தடவை ஓட்டிப் பார்த்த வியாழக்கிழமைதான் வீதியும் சேர்ந்து நின்று, சேர்ந்து தொடங்கியது.

ஏன் என்று யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் வருகிற நேரம் மாறினால் குடத்தை எடுத்து வைக்கிற நேரத்தை மாற்றிக்கொள்கிற ஜனங்கள் அவர்கள். சில வாரங்களிலேயே இதன் போக்கு எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வீதி மறுபடி தொடங்கும்போது சமைத்தது சமைத்தபடி இருக்கும், தைத்தது தைத்தபடி இருக்கும். மனசில் இருக்கிறதில் மட்டும், ஒரு தூக்கம் தூங்கி எழுந்த நினைவு காய்ந்த சிமெண்டு போல நிற்கும், இன்னும் தூங்காத அன்றைய நினைவில் எது ரொம்ப ஈரமோ அது வழிந்து போய்விடும். ரொம்ப ஈரம் என்றால் கோபம், பயம், அழுகை, சந்தோஷம், யாரிடமும் இன்னும் சொல்லாத முடிவு. வீதிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பஸ் போகிற மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டால் மனசு அவரவர் மனசுதான்.

ஆகவே வீதி தன் பழக்கங்களை மாற்றிக்கொண்டது. நல்ல சேதி வந்தால் உடனே படுத்துத் தூங்கி அதைக் காயவைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆனது. கடைசி வீட்டுப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்த மத்தியானம், அந்தக் குடும்பமே கதவைச் சாத்திக்கொண்டு வரிசையாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது; சிரிப்பை அடக்க முடியாமல் புரண்டு கொண்டிருந்த பெண்ணை, "கண்ணை மூடுடி, போயிரப் போகுது" என்று அவள் அம்மா அதட்டிய சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. டியூஷன் எடுக்கும் ரத்தினசபாபதி சார், கணக்கு புரிந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்த பிள்ளைகளை உடனே பெஞ்சிலேயே தலை சாய்க்கச் சொன்னார். சாவுச் சேதியைப் படுக்கப்போகும் நேரத்தில்தான் சொல்ல வேண்டும் என்று வீதி கூடிப் பேசி வைத்துக்கொண்டது, ஏனென்றால் தம்பி இறந்த சேதியைக் காலையில் கேட்ட ஒருத்திக்கு அன்று பொழுது சாய்வதற்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாக நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மற்றபடி வீதி அமைதியாகிவிட்டது. வேலித் தகராறுகள் பாதிச் சொல்லில் நின்றன. மாமியார்கள் வாயைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் கொட்டாவி விட்டார்கள். எல்லாவற்றையும் விட, சம்பூர்ணத்தக்காவின் புருஷன் வையாபுரி அடிப்பதற்காகத் தூக்கிய கை, தூக்கியபடியே நின்று, பிறகு அவர் தலையையே சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. வருஷக்கணக்காகக் கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தைத்துக் கொண்டிருந்த சம்பூர்ணத்தக்கா, முந்தானையைத் தளர்த்திவிட்டு உட்கார ஆரம்பித்தாள். தினமும் பதினோரு மணி வாக்கில் கோகிலவாணிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுத்து, "நல்லா அடிக்கடி அமுக்கு சாமி" என்று அவள் விரல்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

கோகிலவாணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அவளுக்கும் மனசு ஒரு கணம் வெளுத்துப்போகும். அதனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோடுக்கு மேலேயே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் சேமிப்பாள். தான் ரொம்பச் சாந்தமானவளாக ஆகிவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். சிபியின் மேல் கடைசியாக எப்போது கோபப்பட்டோம் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. ஒன்றிரண்டு விஷயங்கள்தான் விளங்காமல் இருந்தன. சில நாட்களில் அவள் திடீரென்று மாடிப்படியின் நடுவில் கையில் துணிப்பையோடு நிற்பாள், பைக்குள் அவளுடைய நல்ல புடவைகள் மடித்து வைத்திருக்கும், இஸ்திரிக்குக் கொண்டுபோகத்தான் கிளம்பியிருப்போம் என்று தானே முடிவு செய்து தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிட்டு வருவாள். "இது போன வாரம் போட்ட மடிப்பே கலையலீங்களே" என்பான் வண்டிக்காரன். அந்த வீதியிலேயே மடிப்புக் கலையாத புடவைகள் அவளுடையவைதான். இன்னொன்று, சிபி இப்போதெல்லாம் வீட்டில் டீ குடிப்பதில்லை. மாடியறைப் பெட்டியோடு இணைத்திருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் பேக்கரிக்குப் போய், ரோட்டைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு வேலை பார்த்தான். அங்கே தேங்காய் பன் நன்றாக இருக்கும் என்று சொன்னான். அவள் நம்பினாள்.

அவளுடைய தங்கை யமுனா கோயமுத்தூரில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். ஒரு மாசி மாதத்து மத்தியானம் அவள் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு உதவி. எங்க காலேஜ் புள்ள ஒருத்தி இன்னைக்கு கோபி பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்றா. அவகிட்ட ஒரு பாட்டில் வடுமாங்கா குடுத்து விடறியா? நீயே கொண்டு வந்து குடு, வேற யார்கிட்டயும் குடுக்காத, வழியில ஒழுகவிட்டுருவாங்க."

"அவ்வளவுதானே? இந்தா கிளம்பிட்டேன்."

மஞ்சப்பையில் ஊறுகாய் பாட்டிலோடு இறங்கியவளைச் சம்பூர்ணத்தக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "எங்க கண்ணு?" என்றாள். பதிலைக் கேட்டுக்கொண்டு, கண் ஈரமாக இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, "வெயில்ல போறே, தலைக்கு முந்தானை போட்டுக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் காலேஜ் புள்ள யாரும் இல்லை. கோயமுத்தூர் பஸ்கள் நிற்கிற இடத்தில், தூணுக்குப் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில், யமுனாவே உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கையை விடாமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"எதிர்த்துப் பேசாம கேளு. நான் இதைச் சொல்றது முதல் தடவை இல்லை. உனக்கு முதல் தடவை. எனக்கு எத்தனையாவதுன்னு எனக்கே தெரியல."

"எதைச் சொல்றே?"

"போன வருஷம் ஆடி மாசம் மாமா எங்க காலேஜுக்குப் பேச வந்தாரு. பசங்களுக்குத் தைரியம் சொல்றதுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன், நான் அங்க வேலை பாக்கறேன்னு அவருக்குத் தெரியும், அன்னைக்கு லீவுன்னு நினைச்சுட்டாரு போல. அந்த வெப்சைட்டை ஒத்தை ஆளா உக்காந்து, ஒவ்வொரு வரியும் தானே எழுதினேன்னு சொன்னாரு. ஒரு புள்ள எந்திரிச்சு, உங்க மிஸஸும் கம்ப்யூட்டர் படிச்சவங்களான்னு கேட்டா. அதுக்கு அவரு, அவங்களுக்கு இதெல்லாம் அவ்வளவா வராதும்மா, நான் எழுதறப்ப டீ போட்டுக் குடுப்பாங்கன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்கக்கா."

பழனி பஸ்ஸின் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டு போனான்.

"அன்னைக்கு சாயங்காலமே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீ அழுதே. துணியெல்லாம் பையில எடுத்து வெக்கறேன், அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு உங்கிட்ட வந்துடறேன்னே. நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல வந்து உக்காந்திருந்தேன். நீ வரலை. போன் பண்ணினா, என்ன யமுனா விசேஷம்னு சிரிக்கறே. மறுபடி சொன்னேன். மறுபடி அழுதே, மறுபடி கிளம்பினே, மறுபடி சிரிச்சே. வாட்ஸ்அப்ல எழுதிப் போட்டேன், உன் வாட்ஸ்அப் மாமா லேப்டாப்புலயும் தெரியும் போல, நீ பாக்கறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டாரு. ஒரு நாள் நானே வந்தேன். பேக்கரியில மாமா உக்காந்திருந்தாரு. அவருக்கு ஒரு போன் வந்துச்சு, எடுத்துப் பேசினாரு, லேப்டாப்பைத் திறந்து ஏதோ ஒரு எழுத்தைத் தட்டி, அந்த எழுத்தையே அழிச்சு, சேவ் பண்ணினாரு. உங்க வீதி அப்படியே ஒரு மூச்சு நேரம் நின்னு சிலிர்த்ததை நான் அவருக்குப் பின்னாடி பேக்கரி ஓரமா நின்னு பாத்தேன்."

"போன் பண்ணினது யாரு?"

"உனக்கு மோர் குடுப்பாங்களே, அந்தத் தையல்கார அக்கா. போன்ல அவங்க குரல் வெளிய கேட்டுச்சு. 'தம்பி, பையோட இறங்கறா'ன்னாங்க."

கோகிலவாணி பழக்கத்தால் சற்று நேரம் காத்திருந்தாள். இந்த மாதிரி நெஞ்சில் எதுவும் மேலேறி வரும்போது ஒரு சிலிர்ப்பு வந்து அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. சிலிர்ப்பு வரவில்லை. மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எதுவும் மறுபடி தொடங்காது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கோபம் தொண்டைக்கு வந்து, கண்ணுக்கு வந்து, அப்புறமும் போகாமல் அங்கேயே நின்றது. ஒரு கோபம் இவ்வளவு நேரம் நிற்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. மடிப்புக் கலையாத அந்தப் புடவைகளை நினைத்தாள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு தடவை தான் கிளம்பியது என்று நினைத்ததும், பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் அவள் வாயிலிருந்து வந்தது.

"பஸ் நிக்குது. வாக்கா, போயிரலாம்" என்றாள் யமுனா.

"இரு. நான் அவங்களைப் பாக்கணும். ஆனா இதை ஈரமா எடுத்துட்டு அந்த வீதிக்குள்ள போகமாட்டேன். நான் தூங்கணும்."

அந்த இரைச்சலில், ஹாரன் சத்தத்துக்கும் வேர்க்கடலைக்காரர்களின் கூப்பாட்டுக்கும் நடுவில், அவள் தங்கையின் மடியில் தலை வைத்து, கால்களைப் பெஞ்சில் மடக்கிக்கொண்டு, அழுதுகொண்டே தூங்கிப்போனாள். யமுனா துப்பட்டாவால் அவள் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு, கோயமுத்தூர் பஸ்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் விழித்தபோது கோகிலவாணிக்குத் தலை பாரமாக இருந்தது. விஷயம் அப்படியே இருந்தது, தொட்டால் விரல் வலிக்கிற மாதிரி இறுகிப்போய் இருந்தது.

பேக்கரியில் சிபி ரோட்டைப் பார்த்த மேஜையில்தான் இருந்தான். அவன் கண் எப்போதும் வீதி முனையின் மேல் இருக்கும். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வந்ததால், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் வரை அவன் கவனிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கை, அவனைக் கேட்காமலே, லேப்டாப்பின் மேல் போய், ஒரு எழுத்தைத் தட்டி, அழித்து, சேமித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த்தொட்டி வீதி நின்றது, சிலிர்த்தது, மறுபடி தொடங்கியது. இந்தப் பக்கம் அவள் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மறந்துட்டேனான்னு பாக்கறியா?" என்றாள்.

அவன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். "வாணி, யமுனா ஏதாச்சும்..."

"டீ போட்டுக் குடுப்பேன்னு சொன்னியாமே."

"மேடையில அப்படித்தான் பேசணும். ஒரு ஆளோட கதைன்னாத்தான் கேக்கறாங்க. ரெண்டு பேருன்னா நிக்காது. அது வெறும் பேச்சு, வாணி."

"அதை மன்னிச்சிருக்கலாம் சிபி. என்னையவே வழிச்சு வழிச்சு ஊத்திட்டிருந்தியே, அதை என்ன பண்றது? என் கை வலிக்குதுன்னு செஞ்சு குடுத்ததை எடுத்து என் தலைமேலயே வெச்சு அழுத்தியிருக்கே. எத்தனை தடவை உங்கிட்ட நான் இதைக் கேட்டிருப்பேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. கேக்க வர்றப்பவே..." என்று நிறுத்தி, மேஜையில் சிந்திக் கிடந்த சர்க்கரையை விரலால் ஒதுக்கினான். "நீ போயிருவேன்னு பயம். நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது."

"நான் இல்லாமயா, என் கோடு இல்லாமயா?"

அதற்கு அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பஸ் முழுவதுமாக அந்தக் கடையைக் கடந்து போனது. அவள் எழுந்துகொண்டாள். லேப்டாப்பை அவன் கைக்கடியிலிருந்து எடுத்து இடுக்கிக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை.

வீதிக்குள் அவள் நடந்து வந்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரத்தினசபாபதி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாயடியில் இருந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதைப் பார்க்காமல் நின்றார்கள். யாரும் "என்னாச்சு?" என்று கேட்கவில்லை, கேட்காததைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. பேக்கரியில் சிபி உட்கார்ந்திருப்பது ஏன் என்று அவர்கள் அத்தனை பேரும் என்றோ ஒரு நாள் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, தங்கள் வீட்டின் அமைதியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். சிலர் இப்போது கெஞ்சினார்கள். "நீ போயிட்டா இங்க அடிச்சுக்குவாங்கம்மா." "என்ற மருமக முகத்துல முழிக்கணுமே." அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் தையல் கடை வாசலுக்கு வந்தாள்.

சம்பூர்ணத்தக்கா மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். கையில் யாருடைய ரவிக்கையோ பாதி தைத்தபடி இருந்தது.

"நீங்களுமாக்கா?"

சம்பூர்ணத்தக்கா ரவிக்கையை மடித்து ஓரமாக வைத்தாள். "உன்ற முகம் வாடியிருந்தா ஒரு போன் பண்ணுங்கக்கான்னு தம்பி சொல்லி வெச்சிருந்துச்சு. நீ போனா இது நின்னுரும். இது நின்னா அந்த மனுசன் கை நிக்காது." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ பையோட இறங்கறப்பெல்லாம் அழுதுட்டேதான் கண்ணு போன் பண்ணியிருப்பேன். அப்புறம் அழுததும் மறந்துருதே."

"மறுபடி நான் இறங்கினப்பவும் பண்ணினீங்க."

"பண்ணினேன்."

"மறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நீங்களா யோசிச்சுத்தான் பண்ணியிருக்கீங்க."

"ஆமா சாமி." சம்பூர்ணத்தக்கா முந்தானையை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மாடிக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது என்று வந்த கோகிலவாணி, அந்தக் கை கழுத்துக்குப் போனதைப் பார்த்துத்தான் அப்படியே நின்றாள். கோபம் குறையவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனால் லேப்டாப்பை மிஷினின் மேல் வைத்துத் திறந்து, சிபிக்குத் தெரிந்த பாஸ்வேர்டை மாற்றினாள். தான் எழுதிய கோடு அத்தனையையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு, அங்கே காலியாக ஒரே ஒரு ஃபைலை மட்டும் விட்டாள். "இங்க ஒரு எழுத்து தட்டுங்க. இதை அமுக்குங்க. அவ்வளவுதான். இனிமே நீங்க யாருக்கும் போன் பண்ண வேண்டாம்."

"நீ தங்கமான புள்ள..."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்றாள் கோகிலவாணி. "உங்க மோரை நான் இனி எப்படி நினைச்சுக்குவேன்னு எனக்கே தெரியல."

சம்பூர்ணத்தக்கா பல மாதங்கள் அதை அமுக்கிக்கொண்டிருந்தாள் என்றும், பிறகு ஒரு நாள் பட்டப்பகலில் வையாபுரி கையைத் தூக்கியபோது அவள் விரல் விசை மேல் இருந்தும் அமுக்கவில்லை என்றும், தன் கோபம் என்ன செய்கிறது என்று ஒருமுறை முழுவதும் பார்த்துவிடலாம் என்று துணி வெட்டும் கத்தரியோடு எழுந்து நின்றாள் என்றும், அன்றிலிருந்து வையாபுரி தன் தம்பி வீட்டில்தான் சாப்பிடுகிறார் என்றும் பிற்பாடு கேள்வி. அதற்கப்புறம் அந்த வீதி நிற்கவே இல்லையாம். குழாயடியில் கொண்டையைப் பிடித்துக்கொள்கிறார்களாம். இதெல்லாம் கோகிலவாணி இல்லாமல் நடந்தவை.

அன்று அவள் பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு, படியில் எங்கும் நிற்காமல் இறங்கி, பேக்கரிப் பக்கம் திரும்பாமல் ரோட்டைத் தாண்டி, யமுனாவோடு கோயமுத்தூர் பஸ் ஏறினாள். பஸ் குன்னத்தூர் தாண்டியது. அப்புறம் அவள் சொன்னாள்:

"ஒவ்வொண்ணா சொல்லு."

"எதைக்கா?"

"நான் கிளம்பின தடவையெல்லாம். எனக்கு ஒண்ணுகூட இல்லை. நான் என்ன சொன்னேன், எப்படி இருந்தேன், எல்லாத்தையும் சொல்லு. அதெல்லாம் என்னோடது."

யமுனா ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். ஒரு தடவை நீ போனில் கத்திய கத்தலில் எனக்குக் காது அடைத்துப்போனது என்றாள். ஒரு தடவை நீ நம்பவே இல்லை, என்னைத் திட்டிவிட்டு வைத்தாய். ஒரு தடவை, அவன் எழுதியதில் ஒரு வரியாவது ஓடுமா கேள் என்று சிரித்தாய், சிரித்துக்கொண்டே அழுதாய். கோகிலவாணி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே பேசுகிற, தன்னைப் போலவே அழுகிற, தான் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பெண்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர்களில் ஒருத்தியும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேரவில்லை. மாடிப்படியிலேயே ஒவ்வொருத்தியாக நின்று போயிருந்தார்கள்.

அவினாசியில் பஸ் நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறினார்கள்.

"எந்தத் தடவையாச்சும் நான் அவனை மன்னிச்சேனா?" என்று கேட்டாள்.

யமுனா முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை. கார்த்திகை மாசம். ரொம்ப நேரம் அழுதுட்டு, அப்புறம் நீயே சொன்னே, போகட்டும் யமுனா, மேடைன்னதும் தலை கிறுகிறுத்திருக்கும், எனக்கு உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்த கைதானே, நான் போய் அவன்கிட்ட சொல்லிடறேன், மன்னிச்சுட்டேன், இனிமே இப்படிப் பண்ணாதேன்னு சொல்லிடறேன்னே. பேக்கரிக்குத்தான் போறேன்னு சொல்லி, போனைக் கையிலயே வெச்சுட்டுப் படி இறங்கினே. நான் கேட்டுட்டே இருந்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு." யமுனா நிறுத்தினாள். "அப்புறம், 'ஹலோ யமுனா, என்ன விசேஷம்?'னே."

பஸ் புறப்பட்டது. கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்று, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். பிறகு இன்னொரு தடவை கேட்டார். கோகிலவாணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக யமுனாதான் சொன்னாள்.